போணி கேட்டு நின்றவள்

லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளில், பொய் சொன்னால் இரண்டு மடங்கு பாவம் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் லெந்தையே பொய்யாக்கியவள். அதற்கு எத்தனை மடங்கு என்று எந்தப் பாஸ்டரிடமும் நான் கேட்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த நேரம். ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியை. சனிக்கிழமைகளில் கல்லூரி ஒர்க்‌ஷாப்பை வெளியாட்களுக்குத் திறந்துவிடுவது என்று திடீரென்று ஒரு முடிவு வந்தது. அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம், மனதில் இருப்பதைச் செய்து பார்க்கலாம், கருவியும் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. இன்றைக்கு இதற்கெல்லாம் ஸ்டைலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் 'சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்'. பொறுப்பை யார் எடுப்பது என்று கேட்டபோது மெக்கானிக்கல் துறைக்காரர்கள் எல்லாருக்கும் சனிக்கிழமைதோறும் ஒரு கல்யாணம் இருந்தது. கடைசியில் சம்பந்தமே இல்லாத என் தலையில் கட்டினார்கள். முறைத்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டேன்.

முதல் மாதம் ஈ காக்கை இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பம்மலில் தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், குனியாமல் உட்கார்ந்து செருப்பு தைக்க ஒரு ஸ்டூல் செய்தார். சேலையூரில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண், சைக்கிள் பேரிங்கை வைத்து சூரியனைச் சுற்றும் கோள்களைச் செய்தாள். சனி மட்டும் எப்போதும் சிக்கிக்கொள்ளும். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஆறு மாதமாக ஒரு புறாக்கூண்டு செய்தார், கடைசிவரை புறா வாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவ்வளவு முறைத்திருந்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவை அங்கே கூட்டிப்போனது நான்தான்.

அவள் கோவளத்துப் பக்கத்துக் குப்பத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புதன், வியாழன், ஞாயிறு காலையில் பஸ் பிடித்து வந்து எங்கள் பக்கத்துத் தெருக்களில் விற்பாள். அன்றைய போணி, அதாவது முதல் விற்பனை, என் கையால்தான் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. வழியில் யார் கூப்பிட்டாலும் "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு மூன்று தெரு தாண்டி என் கேட்டில் வந்து நிற்பாள்.

"உன் கை ராசியான கை டீச்சரம்மா. நீ போணி பண்ணா பத்து மணிக்கெல்லாம் கூடை காலி" என்பாள்.

நான் கொடுக்கும் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீன் கூடையைத் தொட்டுவிட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். எனக்கு இந்த ராசியிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஊரில் ஒருத்தியாவது என் கையை ராசியான கை என்று சொல்கிறாளே என்று உள்ளூரப் பெருமை உண்டு.

ஒரு வியாழக்கிழமை அவள் வந்து சேரும்போது மணி ஒன்பதரை. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி யாரோ ஒருவர் பையில் பட்டுவிட்டதாம், கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்.

"ஒரே பேஜாரு டீச்சரம்மா. வாரத்துல ஒரு நாளாச்சும் எறக்கி வுட்டுடறான். மீனு இன்னா, தண்ணி வுடாம இர்க்குமா?"

எனக்குக் கோபம் வந்தால் யோசனைக்கு முன்னால் வாய் போய்விடும். "சனிக்கிழமை காலேஜுக்கு வாக்கா. சொட்டாத பெட்டி ஒண்ணு செஞ்சிடலாம்" என்றேன். சனிக்கிழமை பாதி ஊர் மீன் தின்னாது, அதனால் அவளுக்கு அன்று ஓய்வு. வந்துவிட்டாள்.

எங்கள் ஷீட் மெட்டல் இன்ஸ்ட்ரக்டர் பேப்பரில் ஸ்கேல் வைத்து அழகாக ஒரு பெட்டி வரைந்து காட்டினார். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சார், இது துணி வெக்கிற டிரங்கு பொட்டி. இத தலமேல வெச்சா கழுத்து ஒடிஞ்சி பூடும்." சாக்பீஸை வாங்கி சிமெண்ட் தரையில் அவளே வரைந்தாள். தலையில் வைக்கும் சும்மாட்டை இடுப்பிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்து, அடிப்பாகம் இவ்வளவு குழிந்திருக்க வேண்டும் என்று கையால் காட்டினாள். ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பை இரண்டு சுற்று நடந்தாள். இன்ஸ்ட்ரக்டர் தன் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

தகரத்தில் செய்தோம். மேல் தட்டில் ஐஸும் மீனும், அதன் அடியில் தண்ணீர் தேங்க ஓர் அறை, அதற்கு ஒரு குழாய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் திறந்துவிட்டால் போதும். மூலைகளையும் மடிப்புகளையும் சால்டர் கம்பியை உருக்கி வைத்து அடைத்தது பெரும்பாலும் அவள்தான். இன்ஸ்ட்ரக்டர் ஒருமுறை காட்டினார், இரண்டாவது மூலையிலிருந்து அவள் கை அவர் கையைவிட நேராகப் போனது. தண்ணீரில் நீல மையைக் கலந்து ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து ஒழுகுகிறதா என்று பார்ப்போம். மூன்று வாரம் தாளில் நீலச் சொட்டு விழுந்தது. எங்கே விழுந்ததோ அங்கே உள்ளும் புறமும் இன்னும் கொஞ்சம் சால்டர் வைத்தோம். நாலாவது வாரம் தாள் அப்படியே காய்ந்து கிடந்தது. அவள் கைதட்டிவிட்டாள். நானும் தட்டினேன்.

அடுத்த புதன்கிழமை ஆறரை மணிக்கே கேட்டில் குரல். "டீச்சரம்மா, சீட்டுல குந்திகினு வந்தேன்! கண்டக்டர் ஒரு வார்த்த பேசலியே." அன்று நான் போணி செய்த மீனுக்குக் கொசுறாக ஒரு கை நெத்திலியும் அள்ளிப் போட்டாள். அவள் குப்பத்திலிருந்து இன்னும் நாலு பெண்கள் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் ஐந்து பெட்டி தெருவில் நடமாடியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதற்காக ஆறாவதாக ஒன்றையும் செய்து வைத்தோம்.

பிரின்ஸிபால் முதல்முறையாக ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைத்தார். சனிக்கிழமை வேலைகளையெல்லாம் வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம், கல்லூரியை நடத்தும் டிரஸ்ட் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் இது தொடருமா என்று முடிவு செய்வார்கள் என்றார். மீன் பெட்டிதான் நடு மேஜையில் என்றார்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கெமிஸ்ட்ரி சார் சும்மா எட்டிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். ஆறாவது பெட்டியைத் திறந்து உள்மூலையில் விரலை ஓட்டினார்.

"உள்பக்கமும் சால்டர் வச்சிருக்கீங்களா மேடம்?"

"ரெண்டு பக்கமும் வச்சாதானே சார் ஒழுகாது."

"மீனை நேரா இதுமேலயா வைக்கிறாங்க?"

"ஐஸோட சேர்த்து."

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். "சால்டர்ல பாதி காரீயம் மேடம்."

எனக்குத் தெரியாதா? சால்டர் கம்பி எந்தெந்த உலோகங்களின் கலவை என்று இரண்டு மார்க் கேள்வி நானே கேட்டிருக்கிறேன். எழுதாத பையன்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். காரீயம் உடம்பில் சேர்ந்தால் லேசில் போகாது, எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆகவே ஆகாது என்பதும் தெரியும். ஆனால் மூன்று மாதமாக நான் அந்தப் பெட்டியைப் பார்த்தபோதெல்லாம் செய்தித்தாளில் நீலச் சொட்டு விழுகிறதா என்பதை மட்டும்தான் பார்த்தேன். படித்தவர்கள் நாலு பேர் சுற்றி நின்றோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அவர் அந்தப் பெட்டியில் ஐஸும் உப்பும் போட்டு அரை நாள் வைத்தார். வடிந்த தண்ணீரைக் காய்ச்சிச் சுண்டவைத்து, அழுகின முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயுவை அதில் விட்டார். தண்ணீர் டீ நிறத்துக்குப் போனது.

"இரும்பு இருந்தாலும் நிறம் மாறும். நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "ஆனா இதுல வச்ச மீனை என் வீட்டுக்கு வாங்க மாட்டேன்."

பிரின்ஸிபாலிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது யார் யாருக்குத் தெரியும்?" என்பது. பிறகு என்னை உட்காரச் சொன்னார். "ரெண்டு வாரம் மேடம். டிரஸ்ட் ஆளுங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நிதானமா சொல்லி, வேற பெட்டி செஞ்சு குடுங்க. ரெண்டு வாரத்துல யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது. இப்ப சொன்னீங்கன்னா சனிக்கிழமையே இருக்காது. உங்க பம்மல்காரரு, புறாக்கூண்டு தாத்தா, எல்லாரையும் நீங்களே வீட்டுக்கு அனுப்பணும்."

மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போடவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்மேல் பழியைப் போட்டால் எனக்கு வசதி. உண்மை என்னவென்றால், கை தட்டிச் சிரித்த அந்த முகத்திடம் போய், நீ உன் கையால் வைத்தது விஷம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் தந்த இரண்டு வாரத்தை நான் ஆசையோடுதான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை அவள் வந்தாள். பெட்டியைக் கேட்டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு மூடியில் கை வைத்தாள்.

"வஞ்சிரம் கீது. சின்னது, நல்ல துண்டா வரும். போணி பண்ணு டீச்சரம்மா."

ஒரு மாதத்துக்கு மேல் என் பிள்ளைகளும் அந்தப் பெட்டி மீனைத் தின்றிருந்தார்கள். இனி ஒரு துண்டுகூட என் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் மட்டும் நான் தெளிவாக இருந்தேன்.

"லெந்து ஆரம்பிச்சாச்சுக்கா. இந்த வருஷம் மீனும் விட்டுட்டோம்."

"மீனு கூடவா?"

"ஆமா. ஒரு வேண்டுதல்."

"பசங்களுமா?"

"பசங்களும்தான்."

அவள் மூடியிலிருந்து கையை எடுத்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி டீச்சரம்மா. சாமி சமாச்சாரம்" என்று பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வியாழக்கிழமையும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். லெந்து முடியும்வரை வாங்கமாட்டேன் என்று சொன்ன பிறகும் ஒரு நாள் தவறவில்லை. "போணி பண்ல?" என்பாள். "லெந்துக்கா" என்பேன். உடனே போய்விடமாட்டாள். சும்மாட்டை அவிழ்ப்பாள், திரும்பச் சுற்றுவாள், தண்ணீர் கேட்பாள், குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பழக்க தோஷத்தில் வருகிறாள், ராசிப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது குறுகுறுப்பாக வரவில்லை, அவள்மேல் கோபமாக வந்தது.

என் கேட்டிலிருந்து நேரே எதிர் வீட்டுக்குப் போவாள். அந்த வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தாய்ப்பால் ஊற வேண்டும் என்று வாரம் மூன்று நாளும் அவளிடம் பால்சுறா வாங்கினார்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருப்பாள், எதிர் வீட்டம்மா பாத்திரத்தை நீட்டுவார். சிறிது நேரத்தில் சுறாப்புட்டின் வாசனை தெருவைக் கடந்து என் அடுப்படிக்கு வரும். அந்த வாசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். "சுறா சூடாச்சே, பச்ச உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டு வைத்தேன். எதிர் வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சர், பால்சுறாவே பச்ச உடம்புக்காரிக்குத்தான். உங்க ஃபிசிக்ஸ்ல இதெல்லாம் வராதா?" நானும் சேர்ந்து சிரித்தேன். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

இப்படியே ஆறு காலை போயிற்று.

கண்காட்சி அன்று அக்கா அரக்கு நிறத்தில் புதுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். டிரஸ்ட் ஆட்கள் வந்தார்கள். அவள் பெட்டியைத் தலையில் வைத்து நடந்து காட்டினாள், நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள், விரித்த தாளை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர், மீனோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அவள் கொண்டுவந்திருந்த பையைத் திறந்தாள். முதலில், பெட்டி வருவதற்கு முன் மீன் சுமந்த தன் பழைய அலுமினிய அன்னக்கூடையை எடுத்துப் பெட்டிக்குள் பொருத்தி வைத்தாள், பிறகு அதில் மீனை அடுக்கினாள். மீன் போட்டோவில் எடுப்பாகத் தெரியட்டும் என்று வைக்கிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பிரின்ஸிபால் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எல்லாம் முடிந்து கார்கள் போனதும் அவளை ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், பழைய லேத் மெஷின் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, பெட்டியில ஒரு தப்பு நடந்துபோச்சு."

சொன்னேன். சால்டர், காரீயம், தண்ணீர் நிறம் மாறியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் லேத் ஓரமாகக் குந்தி, மணிக்கட்டில் ஒட்டியிருந்த மீன் செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"இது எப்போலேர்ந்து தெரியும் உனுக்கு?"

நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "ரெண்டு வாரமா தெரியும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நீ லெந்துன்னு சொன்ன பாரு, அன்னிக்கே தெரியும் டீச்சரம்மா. ஆறு வருசமா உன் வூட்டுக்கு மீனு போடறேன். லெந்து வந்தா கறிக்கட பக்கம் போவாம எங்கைல ரெண்டு பங்கா வாங்குவ. உங்காளுங்க எல்லாம் அப்டிதான், எங்குளுக்கு அதான் சீசனே. இந்த வருசம் மட்டும் உன் சாமி மீனு வாணான்னாரா? புதுப்பொட்டி வந்துச்சு, உன் வூட்ல மீனு நின்னு பூச்சு. அப்போ பொட்டிலதான் இன்னாவோ கீதுன்னு அன்னிக்கி சாய்ந்தரமே பழைய கூடைய எடுத்து உள்ள வெச்சிட்டேன். மீனு தகரத்துல படறதே இல்ல. அவுங்க நாலு பேராண்டயும் சொல்லிட்டேன்."

முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மறைத்தாயிற்று என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பு முதலில் வந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பது அடுத்து வந்தது.

"பின்ன ஏன்க்கா தினமும் வந்து போணி கேட்ட? நான்தான் வாங்கமாட்டேன்னு தெரியுமே."

"போணிக்கா வந்தேன்?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் கம்மியது. "நீயா வாயத் தொறந்து சொல்லுவியான்னு வந்து நின்னேன். தெனம் நின்னேன்."

புடவையை உதறிக்கொண்டு எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எத்தனை யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை ஒர்க்‌ஷாப் தொடர்ந்தது. டிரஸ்ட் ஆட்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, கழற்றிக் கழுவ வசதியாக உள்ளே வைத்த அந்த அன்னக்கூடைதானாம். பிரின்ஸிபால் அதை என் யோசனை என்று சொல்லிவைத்திருந்தார். இல்லை சார், அக்காவோடது என்று அப்போதாவது சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரி மேடம், விடுங்க" என்றார். உள்சால்டர் இல்லாமல், விளிம்புகளை இரட்டை மடிப்பாக அடித்து ஐந்து பெட்டிகளையும் திரும்பச் செய்து கொடுத்தோம். மற்ற நாலு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். அவளுடையதையும் அவர்களில் ஒருத்திதான் வாங்கிப்போனாள்.

அதன் பிறகு ஈஸ்டர்வரை அவள் என் கேட்டில் நிற்கவில்லை. ஈஸ்டர் கழிந்து வந்த புதன்கிழமை, ஆறு மணிக்கே வாசலைப் பெருக்கிவிட்டுக் காத்திருந்தேன். தெருமுனையில் அவள் குரல் கேட்டது. நான் கேட்டைத் திறந்து வைத்தேன். அவள் என் கேட்டைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனாள். அங்கே குந்தி, மீனைப் போட்டு, அந்த அம்மா கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு தெருவைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, லெந்து முடிஞ்சிதா?" என்றாள். கிண்டல்தான், முகத்தில் சிரிப்பும் இருந்தது. நல்ல மீனாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு நாலு வருஷம் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். கடைசி வாரம்வரை அவளிடம்தான் மீன் வாங்கினேன். ஒரு நாள்கூட போணி என் கையால் ஆகவில்லை.